சுவரெல்லாம் கடல்: புரொஜெக்டர் அறை பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக் செட், சீரியல் லைட், கல்யாண வீடியோ என்று ராமநாதபுரம் சுற்று வட்டாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆள் நான். ஒரு அறையின் நாலு சுவரிலும் படத்தை ஓடவிட்டு, உள்ளே வருகிறவரைக் கடலுக்குள் நிற்பது போல உணர வைக்கும் வேலைக்கு இப்போது அதிகம் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சி, கீழக்கரைப் பக்கம் ஒரு வீட்டு விசேஷம், கடலோரத் தங்கும் விடுதி என்று போன இடத்திலெல்லாம் கேள்விகள் ஒன்றேதான். போனில் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

புரொஜெக்ஷன் மேப்பிங் என்றால் என்ன? சுவரில் படம் போடுவதுதானே?

சுவரில் படம் போடுவதுதான், ஆனால் சுவர் எப்படி இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டுப் போடுவது. சாதாரணமாகப் புரொஜெக்டரைத் திருப்பினால் படம் கதவு மேல், ஜன்னல் மேல், உத்தரத்தின் மேல் எல்லாம் கண்டபடி விழும். மேப்பிங்கில் கதவு இருக்கும் இடத்தை வெட்டிவிடலாம், சாய்ந்த சுவருக்கு ஏற்பப் படத்தைச் சாய்க்கலாம், விளக்கு மாடம் இருந்தால் அந்த மாடத்துக்குள் மட்டும் ஒரு சுடரை எரியவிடலாம். பார்க்கிறவர் மாடத்துக்குள் கையை விட்டுப் பார்ப்பார். அதுதான் நமக்குக் கூலி.

புதிய வித்தையும் இல்லை. 1969ல் அமெரிக்க டிஸ்னிலேண்டின் பேய் மாளிகையில் வெள்ளைச் சிலைத் தலைகள் மேல் பாடுகிற முகங்களைப் படமாக விழவைத்துச் சிலைகள் பாடுவது போலக் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது மைக்கேல் நைமார்க் என்பவர் 1980களில் செய்தது. ஒரு வரவேற்பறையை, மெதுவாகச் சுற்றும் மேடையில் கேமராவை வைத்துப் படம் பிடித்தார். பிறகு சோபா, மேஜை, சுவர் எல்லாவற்றுக்கும் வெள்ளைச் சாயம் தெளித்துவிட்டு, கேமரா இருந்த இடத்தில் புரொஜெக்டரை வைத்து அதே வேகத்தில் சுற்றவிட்டார். வெளிச்சம் போன இடத்தில் மட்டும் பொருள்கள் நிறம் பெற்று, அது நகர்ந்ததும் மறுபடி வெள்ளையாகிவிடும். இந்த வேலையின் மொத்தச் சூட்சுமமும் அந்த அறைக்குள் இருக்கிறது.

எந்த மாதிரி அறை தோது?

இருட்டு அறை. ஆயிரம் பேர் புரொஜெக்டர் எத்தனை லூமென் (வெளிச்ச அளவு) என்று கேட்கிறார்கள், அறை எவ்வளவு இருட்டு என்று ஒருத்தர் கேட்பதில்லை. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீசவே முடியாது, அது வெளிச்சம் போடாமல் விடும் இடம்தான் கறுப்பு. அந்த இடத்தில் ஜன்னல் இடுக்கு வெளிச்சம் விழுந்தால் ராத்திரிக் கடல் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். எனவே முதல் செலவு கறுப்புத் துணி. வாசலுக்கு ஒரு திரை போதாது, நாலடி இடைவெளி விட்டு இரண்டு திரை, ஒன்று இடப்பக்கம் திறக்க, இன்னொன்று வலப்பக்கம் திறக்க. ஆள் நுழையும்போது வெயில் கூடவே நுழையாது.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில், முக்கியமாக முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவரில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து உதிரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு பொரிவும் நிழல் விட்டுப் பூதாகரமாகத் தெரியும். ஆனால் இதையே சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஒரு பழைய வீட்டில் பொரிந்த பகுதி முழுவதையும் பவளப்பாறை அடித்தளமாக வைத்து, அதற்கு மேல்தான் தண்ணீரை ஆரம்பித்தேன். வீட்டுக்கார காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வெள்ளையடிக்க ஆள் சொல்லி வைத்திருந்தவர், விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்.

வெள்ளைச் சுவர்தானே நல்லது?

ஒரே சுவரில் படம் என்றால் வெள்ளை. நாலு சுவரிலும் என்றால் வேண்டாம். எதிர்ச் சுவரில் விழுகிற வெளிச்சம் வெள்ளையில் பட்டுத் திரும்பி இந்தச் சுவரை வந்து கழுவிவிடும், எல்லாப் படமும் வெளுத்துப் போகும். இளஞ்சாம்பல் நிறம், பளபளப்பே இல்லாத மேட் பெயிண்ட் அடியுங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் கறுப்பு கறுப்பாக நிற்கும். பெயிண்ட் கடைக்காரர் "கல்யாண வீட்டுக்குச் சாம்பலா?" என்று ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

எந்தப் புரொஜெக்டர் வாங்க வேண்டும்?

முதல் தடவை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள். அப்புறமும் ஆசை இருந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

நம் ஊர் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 12 அடிக்கு 10 அடி, உயரம் 9 அடி. நீளச் சுவர் 12க்கு 9, அதாவது 4:3. இப்போது கடையில் விற்பது 16:9. அதை 12 அடி அகலத்துக்கு விரித்தால் உயரம் 6 அடி 9 அங்குலம்தான் வரும், மேலே இரண்டேகால் அடி வெறும் சுவர். பழைய 4:3 புரொஜெக்டரோ அதே சுவரை அளவெடுத்துத் தைத்த சட்டை போல முழுசாக மூடும். பள்ளிக்கூடங்களில் ஸ்மார்ட் போர்டோடு கொடுத்த பழைய ஷார்ட் த்ரோ (சுவருக்குப் பக்கத்திலிருந்தே பெரிய படம் போடும்) மெஷின்கள் பல இந்த அளவுதான், கழித்துக் கட்டும்போது கிடைத்தால் விடாதீர்கள். என்னிடம் இருக்கிற மூன்றும் அப்படி வந்தவைதான்.

அடுத்தது த்ரோ. புரொஜெக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருகிற எண் அது. சாதாரண மெஷினுக்கு 1.5 என்று வைத்துக்கொண்டால் 12 அடிப் படத்துக்கு 18 அடி பின்னால் போக வேண்டும். அறையே 10 அடிதான், பின்சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு அடுப்படியில்தான் வைக்க வேண்டும். 0.5 உள்ள ஷார்ட் த்ரோ என்றால் 6 அடி போதும். மேலே, உத்தரத்தோடு ஒட்டி, கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினால் ஆள் சுவரை நெருங்கும் வரை நிழலும் விழாது.

வெளிச்சம்: அந்தச் சுவர் சுமார் 10 சதுர மீட்டர். 3000 லூமென் மெஷின் முழுப் படத்தையும் அதில் விரித்தால் சதுர மீட்டருக்கு 300, அதாவது 300 லக்ஸ். விளக்கு ஆயுள் என்று பெட்டியில் போட்டிருப்பது வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைத்தான், எனவே பழைய விளக்கில் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். சினிமாத் தியேட்டர் திரைக்கு வகுத்த அளவும் வெள்ளைத் திரையில் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய அதே 150 லக்ஸ்தான் வருகிறது. இருட்டை ஒழுங்காகச் செய்தவனுக்குப் பழைய மெஷின் தாராளம்.

மூலையில் இரண்டு படமும் சேரும் இடம் கோடு மாதிரி தெரிகிறதே, பிளெண்டிங் செய்ய வேண்டுமா?

ஒரே சுவரில் இரண்டு புரொஜெக்டர் என்றால் வேண்டும். இரண்டு படங்களையும் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, அந்தப் பட்டையில் ஒன்று மெதுவாக மங்க மற்றது மெதுவாக ஏற வேண்டும். பகல் காட்சியில் அழகாக ஒட்டிக்கொள்ளும். ராத்திரிக் காட்சி வந்ததும் நடுவே ஒரு சாம்பல் பட்டை நிற்கும், ஏனென்றால் இரண்டு மெஷினின் "கறுப்பும்" அங்கே கூட்டு சேர்கிறது. பழைய மெஷினில் இதை முழுசாகப் போக்க முடியாது.

அதனால் நான் சின்ன அறையில் ஒரு சுவருக்கு ஒரு மெஷின் என்று வைத்து, சேருமிடத்தை அறையின் மூலையிலேயே விட்டுவிடுவேன். மூலை என்பது ஏற்கனவே ஒரு கோடு, கண் அதை மன்னித்துவிடும். ஆனால் நிறம் மாறினால் மன்னிக்காது. மூன்று பழைய மெஷின்களில் ஒன்று மஞ்சளடிக்கும், ஒன்று பச்சை. எது மோசமோ அதற்கு ஏற்ப நல்லதைக் குறைத்து வையுங்கள், மோசமானதை ஏற்ற நினைத்தால் விடிந்துவிடும்.

சாப்ட்வேர் எது? படத்தைச் சுவரோடு எப்படிப் பொருத்துவது?

மேட்மேப்பர், ரெசொலூம், ஹெவிஎம், டச்டிசைனர் என்று பல இருக்கின்றன. ரெசொலூமில் மேப்பிங் வேண்டுமென்றால் அரீனா என்ற பதிப்புதான், அவென்யூ என்ற பதிப்பில் கிடையாது, இது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. டச்டிசைனர் வணிகமல்லாத வேலைக்கு இலவசம், ஆனால் 1280க்கு 1280 பிக்சலோடு நிறுத்திக்கொள்ளும். கற்றுக்கொள்ள அது போதும்.

பொருத்தும் வேலை கம்ப்யூட்டர் வேலையே அல்ல, கொத்தனார் வேலை. முதலில் மெஷினுக்குள் இருக்கிற கீஸ்டோனை (சாய்ந்த படத்தை நேராக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், அது ஒருமுறை வளைத்ததை சாப்ட்வேர் இன்னொருமுறை வளைத்தால் பிக்சல்கள் நசுங்கும். விண்டோஸில் திரையை டூப்ளிகேட் அல்ல, எக்ஸ்டெண்ட் என்று வையுங்கள். சுவர் மூலைகளில் தூக்குக்குண்டு விட்டுச் சின்ன டேப் ஒட்டுங்கள். அப்புறம் வயர்லெஸ் மவுஸை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்து, கட்டம் போட்ட படத்தின் மூலையை இழுத்து டேப்பின் மேல் வையுங்கள். லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துச் செய்தால் ஒரு விரல் அகலம் தப்பும், அந்த ஒரு விரலில் மீன் கதவுநிலைக்குள் போய்விடும்.

பழைய வீடுகளில் எந்த மூலையும் நேராக இருக்காது. நாலு மூலையை இழுப்பது போதாமல் நடுவிலும் புள்ளிகள் வைத்து இழுக்க வேண்டி வரும், அதற்குத்தான் மெஷ் வார்ப். எனக்கு ஒரு சுவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். டீ நேரம் தனி.

என்ன படம் போடலாம்? நெட்டில் கடல் வீடியோ நிறையக் கிடைக்கிறதே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். தென்கடல் ஓரம் ஒரு பள்ளிக்கூடத்தில் "மன்னார் வளைகுடா" என்று தலைப்பு வைத்து, காசு கொடுத்து வாங்கிய கடலடி வீடியோவை மூன்று சுவரிலும் ஓடவிட்டேன். உயர உயரமாகப் பழுப்புப் பாசிக் காடு, நடுவே சூரிய ஒளி இறங்குகிறது, பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஆத்தா ஒருத்தர், பாசி எடுக்கப் போகிறவர், கண்ணாடி முகமூடி அழுத்திய தழும்பு கூடக் காது பக்கம் தெரிந்தது, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருக் கடல்யா? பாசி இப்படித் தென்னை மரமாட்டம் நிக்குமா? நம்ம கட்டக்கோரை எங்க, மரிக்கொழுந்து எங்க, கஞ்சிப்பாசி எங்க?" என்றார்.

அது குளிர்க்கடலில் வளரும் கெல்ப். இங்கே அது கிடையாது. 21 தீவுகளோடு 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்த கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு கடலைக் காட்டியிருக்கிறேன். அதிலிருந்து பாம்பன், மண்டபம், வேதாளை, ஏர்வாடி ஓரங்களில் நாங்களே எடுத்ததைத்தான் போடுகிறோம். தண்ணீர் புகாத உறைக்குள் போனை வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில், ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் ஆடாமல் வைத்து எடுத்தாலே போதும். கலங்கல் தெரிகிறதா, இருக்கட்டும், நம் கடல் பல மாதங்களுக்கு அப்படித்தான் இருக்கும். பாக் விரிகுடாவான வடகடலை ஒரு சுவரிலும் மன்னார் வளைகுடாவான தென்கடலை எதிர்ச் சுவரிலும் ஓடவிட்டால் இன்னும் நல்லது. பெண் கடல், ஆண் கடல் என்று நம் ஆட்கள் ஏன் சொல்கிறார்கள் என்பது நடுவே நிற்கிறவனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இரண்டு எச்சரிக்கை. தீவுகளுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ட்ரோன் பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, விளையாட்டுக் காரியம் இல்லை.

ராமேஸ்வரம் மூன்றாம் பிரகாரத்தை அறைக்குள் கொண்டுவர முடியுமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் படம் பிடிப்பது கிடையாது. தூண்களைக் கம்ப்யூட்டரில், பிளெண்டர் மாதிரி இலவச சாப்ட்வேரில் உருவாக்கலாம். உருவாக்கினாலும் ஒரு சிக்கல்: நீண்டு போகும் வரிசை ஒரே ஒரு இடத்தில் நிற்பவருக்குத்தான் சரியாகத் தெரியும். நாலடி நகர்ந்தால் 1212 தூணும் சாய்ந்து நிற்கும். 1992ல் சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கேவ் என்ற சுவர்ப்பட அறையைச் செய்து காட்டியவர்கள் இதற்காகத்தான் பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது என்று அளந்து, தலை நகர நகரப் படத்தை மாற்றினார்கள். அப்போதும் சரியாகத் தெரிந்தது அந்த ஒருத்தருக்குத்தான்.

முப்பது பிள்ளைகள் ஒன்றாக நுழையும் அறைக்கு நேர்கோடு இல்லாத காட்சி வேண்டும்: தண்ணீர், மணல், மேகம், பனங்காட்டுக்குள் பறக்கும் தூசி. பாம்பன் பாலத்தைக் கேட்டால், பக்கவாட்டில் தூரத்திலிருந்து தெரிவது போல ஒரே சுவரில் வைத்துவிடுங்கள், தண்டவாளத்தின் மேல் நிற்பது போல வேண்டாம்.

தலை சுற்றுமா?

சுற்றும். நாலு சுவரும் சேர்ந்து ஆடினால் கால் தரையில் இருந்தும் மூளை நம்பாது. வள்ளத்தில் உட்கார்ந்து எடுத்த வீடியோவை ஒருமுறை அப்படியே போட்டேன். கடல் தொழில் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள், மதுரையிலிருந்து வந்திருந்த வாத்தியார்தான் வெளியே ஓடினார். அடிவானத்தை அசையாமல் வையுங்கள், அலை மட்டும் அசையட்டும்.

சத்தம்?

படத்துக்குச் செலவழிப்பதில் பாதியையாவது சத்தத்துக்கு ஒதுக்குங்கள். சுண்ணாம்புச் சுவர் அறையில் எதிரொலி பயங்கரமாக இருக்கும், அலைச்சத்தம் கூட குளியலறைச் சத்தம் மாதிரி ஆகும். மூன்று மெஷின் மட்டும் வைத்துச் செய்யும்போது, படம் விழாத நாலாவது சுவரிலும் கூரையிலும் ஓலைப்பாய் கட்டினால் அடங்கும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் அலை காலடியில் வருவது போல இருக்கும். அப்புறம் ஒரு சின்ன வித்தை, வெள்ளைக் கொசுவலையை அறை நடுவே தொங்கவிட்டு ஒரு மெஷினை அதன் மேல் திருப்புங்கள். இருட்டில் வலை மறைந்து மீன் மட்டும் அந்தரத்தில் நீந்தும். மீன்பிடி வலையில் செய்து பார்த்தோம், கண் பெரிது, படம் தங்கவில்லை.

கரண்ட், சூடு?

மூன்று மெஷின் சேர்ந்து ஏறக்குறைய ஒரு இஸ்திரிப் பெட்டி அளவு சூடு கக்கும், அதோடு இருபது பேர் மூச்சு. மேலே ஒரு எக்ஸாஸ்ட், கீழே காற்று வரக் கறுப்புத் துணி மறைத்த வழி, இரண்டும் கட்டாயம். விளக்கு வைத்த மெஷினில் திடீரென்று கரண்ட் போனால் விசிறியும் நின்று விளக்கு வெந்துபோகும். மெஷினை அணைத்து விசிறி ஓயும் வரையாவது தாங்குகிற சைன்வேவ் இன்வெர்ட்டர் இல்லாமல் நான் பிளக்கையே சொருக மாட்டேன்.

தனுஷ்கோடி சர்ச் இடிபாட்டின் மேல், இல்லாவிட்டால் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் செய்யலாமா?

முதலாவது, பொழுது சாய்ந்தால் அங்கே ஆளை நிற்கவிட மாட்டார்கள். இருட்டாமல் புரொஜெக்டர் வேலை செய்யாது. காற்றில் ஸ்டாண்ட் ஒரு நூல் அசைந்தாலும் சுவரில் படம் ஒரு சாண் ஓடும், மணல் லென்ஸைத் தேய்க்கும். 1964 டிசம்பர் புயலைப் பற்றித்தான் காட்ட வேண்டும் என்றால் இடிபாட்டைப் பகலில் படம் பிடித்து அறைக்குள் கொண்டு வாருங்கள்.

இரண்டாவதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். அந்த அரண்மனைச் சுவர், தூண், விதானம் எல்லாம் சேதுபதி காலத்து ஓவியம், மன்னருக்கு ராஜராஜேஸ்வரி செங்கோல் கொடுப்பதிலிருந்து போர்க்களம், ராமாயணம் வரை நாலு பக்கமும் சூழ்ந்து நிற்கிறது. நாம் மூன்று மெஷின் வைத்துச் செய்யப் பார்ப்பதை அவர்கள் கரண்ட் இல்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் மேல் வெளிச்சத்தை வீசினால் சாயம் வெளுக்கும், தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கும் இடம் வேறு. எங்களிடம் வேலை கற்க வருகிற பையன்களை முதல் நாள் அங்கேதான் அனுப்புகிறேன். கண் மட்டத்தில் என்ன வைத்திருக்கிறான், அண்ணாந்து பார்த்தால் என்ன, மூலையில் கதை எப்படித் திரும்புகிறது, பார்த்துவிட்டு வா என்று.

நிகழ்ச்சி முடிந்ததும் மெஷினை அப்படியே தொங்கவிடலாமா?

கூடாது. உப்புக்காற்று போர்டைத் தின்னும். வாடைக் காலத்தில் ஈரமும் சேர்ந்தால் ஒரு சீசனில் பின்கள் பச்சை பூத்துவிடும். மாட்டும் கிளாம்ப் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மெஷினைக் கழற்றி, ஃபில்டரைத் தட்டி, நன்றாக ஆறியபின் சிலிகா ஜெல் பையோடு மூடி இறுக்கமான பெட்டிக்குள் வையுங்கள், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். மீன் ஏற்றும் தெர்மாகோல் ஐஸ் பெட்டி இதற்கு அளவெடுத்தது போல இருக்கும், நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். புதுப்பெட்டி வாங்குங்கள். கழுவிக் காயவைத்த பழைய பெட்டி போதும் என்று நினைத்து ஒருமுறை வைத்துவிட்டு, ஒரு நிச்சயதார்த்த வீட்டில் போய் ஆன் செய்தேன். சுவரில் தாமரைக் குளம் விரிந்தது, மெஷின் விசிறியிலிருந்து நெத்திலி வாசம் வந்தது.